எஞ்சின், போன், எழுத்து: தனி டெவலப்பரின் கருவிகள்

பெங்களூருவில் சொந்தமாக கேம் செய்ய உட்காருகிறவர்களில் பலர் அதற்கு முன் வேறு யாருக்கோ கேம் செய்து கொடுத்தவர்கள். ஊரின் வரலாறு அப்படி. ராஜேஷ் ராவ் 1997-ல் இங்கே தொடங்கிய துருவா இன்டராக்டிவ், இந்தியாவின் முதல் கேம் நிறுவனங்களில் ஒன்று. வெளிநாட்டு ஸ்டூடியோக்களுக்கு கேம்களுக்கான முப்பரிமாண மாடல்களைச் செய்து கொடுத்தே அது வளர்ந்தது. 2017-ல் ஸ்வீடனின் ஸ்டார்பிரீஸ் அதை வாங்கியது. 2019-ல் ராக்ஸ்டார் கேம்ஸ் கைக்குப் போய், ராக்ஸ்டாரின் பெங்களூரு கிளையோடு கலந்துவிட்டது. 2025 பிப்ரவரியில், படங்களுக்கும் கேம்களுக்கும் கலை வேலை செய்து வந்த டெக்னிகலர் குழுமம் சரிந்தபோது அதன் பெங்களூரு, மும்பை ஸ்டூடியோக்களில் இருந்தவர்கள் திடீரென்று வேலையிழந்தார்கள். அவர்களில் சிலராவது இந்த அத்தியாயத்தைப் படிக்கக்கூடும்.

இப்படி வருகிறவர்களிடம் கைத்திறன் நிறைய இருக்கும். கூடவே பெரிய ஸ்டூடியோவின் வேலைமுறையும் ஒட்டிக்கொண்டு வரும். ஒரு மரப்பீப்பாயை ஒருவர் மாடல் செய்வார், இன்னொருவர் டெக்ஸ்சர் போடுவார், மூன்றாமவர் சரிபார்ப்பார். நூறு பேருக்கு ஏற்ற அந்த முறையைத் தனி ஆள் பின்பற்றினால் இரண்டு வருடம் கழித்து அருமையான பீப்பாய்கள் இருக்கும், கேம் இருக்காது. ஆகவே இங்கே எந்தத் தொழில்நுட்பத்தைப் பற்றிப் பேசினாலும் இரண்டே கேள்விகளைத்தான் கேட்கப் போகிறேன். என் கையில் இருக்கும் ஆட்களையும் பணத்தையும் வைத்து இதில் ஒரு கேமை முடிக்க முடியுமா? நாளைக்கு இந்தக் கருவியின் சொந்தக்காரர் மனம் மாறினால் என் உழைப்பை எடுத்துக்கொண்டு வெளியேற முடியுமா?

எஞ்சின்

2023 செப்டம்பர் வரை "எந்த எஞ்சின்?" என்ற கேள்விக்கு இந்த ஊரில் பலரும் யோசிக்காமல் சொன்ன பதில் யூனிட்டி. கல்லூரியில் அதைத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். மொபைல் கேம் நிறுவனங்களும் அது தெரிந்தவர்களைத்தான் தேடின. அந்த மாதம் 12-ம் தேதி யூனிட்டி ஓர் அறிவிப்பு வெளியிட்டது. வருமானம், பதிவிறக்கம் இரண்டும் ஒரு வரம்பைத் தாண்டிய கேம்களுக்கு, 2024 ஜனவரி முதல் ஒவ்வொரு புதிய இன்ஸ்டாலுக்கும் 20 சென்ட் வரை கட்டணம் என்றது. ஏற்கெனவே வெளியான கேம்களும் அதில் அடக்கம். 20 டாலருக்கு ஒரு பிரதி விற்கும் அமெரிக்க ஸ்டூடியோவுக்கு இது எரிச்சல், அவ்வளவுதான். இந்தியாவிலிருந்து கேமை இலவசமாகக் கொடுத்து விளம்பரத்தில் பைசா பைசாவாகச் சேர்க்கிறவர்களுக்கு இது வேறு கணக்கு. அன்றைய மதிப்பில் 20 சென்ட் என்பது பதினாறு ரூபாய்க்கு மேல். ஓர் இன்ஸ்டால் ஆயுளுக்கும் அவ்வளவு சம்பாதித்துக் கொடுத்தால் அதுவே பெரிய விஷயம்.

கூச்சல் கிளம்பியது. பத்து நாளில் விதிகளைத் தளர்த்தினார்கள். அக்டோபரில் தலைமை அதிகாரி ஜான் ரிச்சிடெல்லோ விலகினார். சரியாக ஓராண்டு கழித்து, 2024 செப்டம்பர் 12 அன்று கட்டணமே ரத்தானது. இலவசப் பதிப்பான யூனிட்டி பெர்சனலுக்கான வருமான வரம்பு 1 லட்சம் டாலரிலிருந்து 2 லட்சமாக உயர்ந்தது. யூனிட்டி 6-லிருந்து தொடக்கத் திரையில் அவர்கள் சின்னத்தைக் காட்ட வேண்டிய கட்டாயமும் போனது. ஆகவே யூனிட்டியை விட்டு ஓடுங்கள் என்று சொல்ல மாட்டேன். மொபைல் கேம் செய்து விளம்பரத்தில் சம்பாதிப்பதுதான் திட்டம் என்றால், எஸ்.டி.கே.க்கள், பாடங்கள், கூடச் சேர்த்துக்கொள்ள ஆட்கள் எல்லாமே இன்னும் அங்கேதான் எளிதாகக் கிடைக்கின்றன. ஆனால் ஒரு நிறுவனம் ஒருமுறை செய்ததை இன்னொரு முறையும் செய்யலாம் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு உள்ளே போங்கள்.

அந்தக் கலவரத்தில் லாபம் அடைந்தது கோடாட். அர்ஜென்டினாவில் ஹுவான் லினியெட்ஸ்கியும் ஏரியல் மன்சூரும் உருவாக்கி 2014-ல் திறமூலமாக வெளியிட்ட எஞ்சின் இது. எம்ஐடி லைசென்ஸ் என்பதால் ராயல்டி கிடையாது, வருமான வரம்பு கிடையாது. கையில் இருக்கும் பதிப்பை யாரும் திரும்பப் பிடுங்கவும் முடியாது. டெர்ரேரியா கேமைச் செய்த ரீ-லாஜிக் அந்த மாதமே கோடாட்டுக்கு 1 லட்சம் டாலர் நன்கொடை அறிவித்தது. புரோட்டாடோ, டோம் கீப்பர், பக்ஷாட் ரூலெட் எல்லாம் இதில் செய்து நன்றாக விற்றவை. 2டி கேமுக்கும், கணினியில் விற்கும் அளவான 3டி கேமுக்கும் தனி ஆளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். எஞ்சின் சில நொடிகளில் திறக்கும், பழைய லேப்டாப்பிலும் ஓடும். குறைகளும் உண்டு. கன்சோல்களுக்கு நேரடியாக எக்ஸ்போர்ட் கிடையாது, அதற்கு வெளியாரைப் பிடிக்க வேண்டும். சி ஷார்ப்பில் எழுதினால் பிரவுசர் பதிப்புக்கு முறையான ஆதரவு இன்னும் வரவில்லை. பிரவுசர் முக்கியம் என்றால் கோடாட்டின் சொந்த மொழியான ஜிடிஸ்கிரிப்டில் எழுதுங்கள்.

அன்ரியல் 5 கண்ணைக் கட்டிப் போடும். கேமின் மொத்த வருமானம் 10 லட்சம் டாலரைத் தாண்டும்வரை காசு கேட்காது, அதற்கு மேல் 5 சதவீதம். புனேயின் நாடிங் ஹெட்ஸ் குழு அன்ரியல் 4-ல் செய்து 2020-ல் வெளியிட்ட 'ராஜி' ஒரு சின்னக் குழுவும் இதில் கவனம் பெறும் கேமை முடிக்கலாம் என்று காட்டியது. அதற்கு முன் 2017-ல் அவர்கள் கிக்ஸ்டார்ட்டரில் பணம் திரட்டப் பார்த்துத் தோற்றதையும் சேர்த்தே படிக்க வேண்டும். யதார்த்தமான 3டி செய்யும்போது எஞ்சின் இலவசம்தான், அதை நிரப்பும் கலை வேலை இலவசம் இல்லை. வேலையை விட்டுவிட்டு வந்த மாடலிங் கலைஞர்கள் இருவர் மூவர் சேர்ந்த குழு என்றால் அன்ரியல் பொருந்தும். தனி புரோகிராமருக்குப் பொருந்தாது.

இதற்கெல்லாம் கீழே ஓர் அடுக்கு இருக்கிறது. லவ் 2டி, டிஃபோல்ட், ரேலிப், ரென்பை போன்ற சிறு கருவிகள். 2024 பிப்ரவரியில் வெளியாகி ஒரே மாதத்தில் 10 லட்சம் பிரதிகள் விற்ற 'பலாட்ரோ' லவ் 2டியில், லுவா மொழியில், லோக்கல்தங்க் என்ற புனைபெயர்க்காரர் ஒருவர் எழுதியது. சீட்டு கேமுக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை.

முடிவெடுக்க முடியவில்லையா? ஒவ்வொரு ஜனவரியிலும் உலக கேம் ஜாம் நடக்கிறது. அதற்குப் போங்கள், அல்லது வீட்டிலேயே இரண்டு சனி ஞாயிறுகளை ஒதுக்குங்கள். ஒரே திரைக்குள் அடங்கும் சின்ன கேம் ஒன்றை எடுத்து ஒரு வாரம் ஓர் எஞ்சினில், மறு வாரம் இன்னொன்றில் செய்து பாருங்கள். எதில் செய்யும்போது எஞ்சினைப் பற்றி யோசிக்காமல் கேமைப் பற்றி யோசித்தீர்களோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். யூடியூபில் ஒப்பீட்டு வீடியோ பார்ப்பதை அத்தோடு நிறுத்துங்கள்.

வெளியேறும் வழி

எதை எடுத்தாலும் முதல் நாளிலேயே சில ஏற்பாடுகள் செய்யுங்கள். வசனம், பொருள்களின் விலை, எதிரிகளின் பலம் போன்றவற்றை எஞ்சினின் சொந்தக் கோப்புகளுக்குள் புதைக்காமல் சிஎஸ்வி, ஜேசான் போன்ற சாதாரணக் கோப்புகளில் வையுங்கள். விளையாட்டு விதிகளை எழுதும் கோடையும் திரையில் வரையும் கோடையும் பிரித்து எழுதுங்கள். சீட்டைக் கலைப்பது, சேதம் கணக்கிடுவது, சேமிப்பது எல்லாம் விதிகள். அவை எஞ்சினைப் பற்றி எதுவும் தெரியாமல் ஓடக்கூடியதாக இருந்தால் எஞ்சின் மாறும்போது பாதி வேலை பிழைக்கும். 'ஸ்லே தி ஸ்பயர்' செய்த மெகா கிரிட் குழு அதன் இரண்டாம் பாகத்தை யூனிட்டியில் தொடங்கிவிட்டு கோடாட்டுக்கு மாற்றியது. மாற முடியும், விலை உண்டு. அந்த விலையைக் குறைப்பதுதான் இந்த ஏற்பாடுகளின் வேலை.

கலைக்கோப்புகளின் மூலம் உங்களிடமே இருக்கட்டும். எஞ்சினுக்குள் போன மாடல் போதாது, பிளெண்டர் கோப்பு வேண்டும். எல்லாவற்றையும் கிட்டில் ஏற்றுங்கள். கிட்ஹப் 100 எம்பிக்கு மேற்பட்ட தனிக் கோப்பை ஏற்காது என்பதால் பெரிய படங்களுக்கும் ஒலிகளுக்கும் எல்எஃப்எஸ் வசதியை ஆரம்பத்திலேயே போட்டுவிடுங்கள். பாதி வழியில் போடுவது தலைவலி.

எஞ்சின் பதிப்பை ஒரு கட்டத்தில் உறைய வைத்துவிட வேண்டும் என்பது பழைய அறிவுரை. கணினி கேமுக்கு இன்றும் சரி. ஆண்ட்ராய்டில் கூகுள் விடாது. புதிய பதிப்பு போட வேண்டுமானால் அண்மைய ஆண்ட்ராய்டை இலக்காக வைக்கச் சொல்லி ஆண்டுதோறும் கெடு வைக்கிறது. 2025 நவம்பர் 1 முதல், ஆண்ட்ராய்டு 15-ஐ இலக்காகக் கொண்ட செயலிகள் 16 கேபி நினைவகப் பக்கங்களில் ஓட வேண்டும் என்ற விதியும் சேர்ந்தது. பழைய எஞ்சினில், பழைய பிளகின்களோடு இருந்த கேம்கள் இதில்தான் மாட்டுகின்றன. 2025 அக்டோபரில் யூனிட்டி, 2017.1 பதிப்பிலிருந்தே இருந்த ஒரு பாதுகாப்பு ஓட்டையை அறிவித்து, வெளியான கேம்களைத் திருத்தச் சொன்னது. எட்டு வருடத்துக்கு முந்தைய புராஜெக்டை இன்று திறந்து பில்ட் எடுக்க உங்களால் முடியுமா? கேம் வெளியான அன்று எஞ்சின் இன்ஸ்டாலர், பிளகின்கள், கையொப்பச் சாவி எல்லாவற்றையும் ஒரே ஹார்ட் டிஸ்கில் போட்டு வையுங்கள். சாவியின் பாஸ்வேர்டை வேறு இடத்தில்.

எழுத்து

தமிழில் கேம் செய்ய நினைப்பவர்கள் முதலில் முட்டிக்கொள்வது இங்கேதான். எந்த வெளிநாட்டுப் பாடத்திலும் இது இருக்காது.

யூனிகோடில் 'கெ' என்பது முதலில் க, பிறகு எகரக் கொம்பு என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. திரையில் கொம்பு முன்னால் வர வேண்டும். 'கொ' என்றால் குறியின் ஒரு பாதி முன்னாலும் மறு பாதி பின்னாலும் போக வேண்டும். 'கு', 'டு', 'மூ' ஆகியவை புது வடிவமே எடுக்கின்றன. இந்த மாற்றங்களைச் செய்யும் மென்பொருள் அடுக்குக்கு எழுத்துருவமைப்பு என்று பெயர் சொல்லலாம். பரவலாகப் பயன்படும் திறமூல நூலகம் ஹார்ஃப்பஸ். யூனிட்டியில் எல்லோரும் பயன்படுத்தும் டெக்ஸ்ட்மெஷ் புரோ இதைச் செய்வதில்லை. சேமித்த வரிசையிலேயே குறிகளை அடுக்குகிறது. 'பெண்' என்று எழுதினால் கொம்பு பகரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். எழுத்தை முன்கூட்டியே இடம் மாற்றி வைக்கும் ஒட்டுவேலைகள் இருக்கின்றன. அவை ஓடும், ஆனால் தேடலும் வரி உடைப்பும் கெடும். கோடாட் 4-ல் ஹார்ஃப்பஸ் உள்ளேயே இருக்கிறது. அன்ரியலிலும் இருக்கிறது. யூனிட்டி 6-ல் யுஐ டூல்கிட் பக்கம் ஹார்ஃப்பஸைப் பயன்படுத்தும் புதிய எழுத்து முறை வந்திருக்கிறது. பழைய புராஜெக்டை அதற்கு மாற்றுவது சிறு வேலை அல்ல. தமிழ் வசனம் நிறைய இருக்கும் கதை கேம் என்றால், என் கணக்கில் இந்த ஒரு காரணமே கோடாட்டைத் தேர்ந்தெடுக்கப் போதும்.

எஞ்சினை முடிவு செய்வதற்கு முன் ஒரு சோதனை வரி வைத்துக்கொள்ளுங்கள்: "கௌரி கொடுத்த மூக்குத்தி, ஸ்ரீ லக்ஷ்மிக்குப் பெரியது." இது ஒழுங்காக வந்தால் பெரும்பாலும் எல்லாம் வரும். பிறகு அதே வரியை எழுத்து எழுத்தாக வெளிவரும் வசனப்பெட்டியில் ஓட விடுங்கள். இரண்டாவது பொறி அங்கே இருக்கிறது. ஆங்கிலத்துக்கு எழுதிய கோடு ஒவ்வொரு யூனிகோடு குறியாக வெளியிடும். தமிழில் முதலில் 'க' தெரிந்து, மறுகணம் அது 'கௌ' ஆக மாறும், வசனம் முழுக்கத் துடிக்கும். முழு எழுத்தை ஓர் அலகாக எண்ணி வெளியிட வேண்டும். பெயர் பதிவு செய்யும் இடத்திலும் இதே கதை. எட்டு எழுத்து வரம்பு வைத்தால் 'மீனாட்சி' என்ற நான்கெழுத்துப் பெயரே எட்டு குறிகளைத் தின்றுவிடும், அதற்கு மேல் ஒரு புள்ளி வைக்கக்கூட இடமில்லை. பட்டன்களின் அகலத்தையும் தமிழுக்கு வைத்துத்தான் அளக்க வேண்டும். 'ஸ்டார்ட்' இருந்த இடத்தில் 'தொடங்கு' நிற்கும், 'செட்டிங்ஸ்' இருந்த இடத்தில் 'அமைப்புகள்' பிதுங்கும்.

கன்னடத்தில் சிக்கல் இன்னும் ஓர் அடுக்கு கூடுதல். ஒரு மெய்யை அடுத்து வரும் மெய் கீழே ஒத்தக்ஷரமாக இறங்கி உட்கார வேண்டும். உருவமைப்பு இல்லாத எஞ்சினில் கன்னடம் படிக்கவே முடியாது. பெங்களூருவில் கேம் செய்துவிட்டுக் கன்னடம் வைக்காமல் விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. வைத்துவிட்டு உடைந்த கன்னடம் காட்டுவது அதைவிட மோசம். கன்னடம் படிக்கத் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு திரையையும் பார்க்கட்டும். ஃபாண்டுக்குச் செலவு வேண்டாம். நோட்டோ குடும்பத்தில் தமிழ், கன்னடம் இரண்டும் உண்டு. தடித்த தலைப்புகளுக்கு எக் டைப்பின் பலூ குடும்பம் இருக்கிறது. இரண்டுமே கேமுக்குள் வைத்து விநியோகிக்க அனுமதிக்கும் திறந்த லைசென்ஸ்.

'வெண்பா' பற்றி ஒரு வார்த்தை. டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்டது. கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் சமையலறைக் கதை, ஒரே அமர்வில் முடித்துவிடலாம். 2024-ல் சிறந்த அறிமுக கேமுக்கான பாஃப்டா விருது அதற்குக் கிடைத்தது. அதில் அதிநவீன கிராஃபிக்ஸ் என்று எதுவும் இல்லை. இட்லி வேக வைப்பது ஒரு புதிர், அவ்வளவுதான். தொழில்நுட்பம் பற்றிய அத்தியாயத்தில் இதைச் சொல்லாமல் விட முடியாது.

போன்

உங்கள் மேஜையில் இருக்கும் போனில் ஓடுகிறது என்பதால் எதுவும் நிரூபணமாகாது. பெங்களூருவின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டுக்குப் போய், 3 அல்லது 4 ஜிபி ரேம் உள்ள பழைய ஆண்ட்ராய்டு போன் ஒன்றை வாங்குங்கள். அதுதான் உங்கள் நிஜமான இலக்கு. நொடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் 16.6 மில்லிநொடி. 30 என்றால் 33.3. மலிவான போனில் பலவகை கேம்களுக்கு நிலையான 30 போதும், தத்தளிக்கும் 60-ஐவிட அது மேல்.

சோதிக்கும்போது இரண்டு நிமிடம் விளையாடிவிட்டு வைத்துவிடாதீர்கள். இருபது நிமிடம் ஓடினால்தான் போன் சூடாகி, சிப் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இதில் பெங்களூருவே நம்மை ஏமாற்றுகிறது. டிசம்பரில் ஜெயநகரில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு சோதித்த கேம், மே மாதம் வேலூரில் மின்விசிறி இல்லாத அறையில் எப்படி ஓடும்? போனை சார்ஜரில் போட்டு, தடித்த உறைக்குள் வைத்து, திரை வெளிச்சத்தை முழுதாக ஏற்றி ஓடவிட்டுப் பாருங்கள். டெக்ஸ்சர்களை ஏஎஸ்டிசி வடிவத்தில் சுருக்குங்கள். ஆட்டத்துக்கு நடுவே திடீர் தடுமாற்றம் வந்தால், பெரும்பாலும் ஷேடர் அப்போதுதான் தயாராகிறது, அல்லது நினைவகக் குப்பை அள்ளப்படுகிறது. இரண்டையும் லோடிங் திரைக்குத் தள்ளலாம். எஸ்.பி. ரோட்டில் பழைய கிராஃபிக்ஸ் கார்டும் கிடைக்கும். கடையிலேயே அரை மணி நேரம் சுமை ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள், மறுத்தால் அடுத்த கடை.

கல்லை ஸ்கேன் செய்வது

கர்நாடகத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு வேறு ஊர்க்காரருக்கு இல்லாத ஒரு வசதி உண்டு. பேலூர், ஹளேபீடு, சோமநாதபுரம் ஹொய்சளக் கோயில்கள் 2023 செப்டம்பரில் யுனெஸ்கோ பட்டியலில் ஏறின. பேலூர், ஹளேபீடு இரண்டுக்கும் ஒரே நாளில் போய்வரலாம். அந்த மாக்கல் செதுக்கல்களைக் கையால் மாடல் செய்ய மாதங்கள் ஆகும். நூற்றுக்கணக்கான புகைப்படங்களிலிருந்து முப்பரிமாண உருவை எழுப்பும் போட்டோகிராமெட்ரிக்கு ஒரு மதியம் போதும். எபிக்கின் ரியாலிட்டிஸ்கேன் ஆண்டு வருமானம் 10 லட்சம் டாலருக்குக் கீழே இருப்பவர்களுக்கு இலவசம். மேகமூட்டமான நாளில் போங்கள், நேர் வெயில் நிழலைக் கல்லிலேயே பதித்துவிடும். ஃபிளாஷ் வேண்டாம். அடுத்தடுத்த படங்கள் மூன்றில் இரண்டு பங்காவது ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்களில் டிரைபாடுக்கும் டிரோனுக்கும் முன் அனுமதி வேண்டும், கையில் பிடித்த கேமராவோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

வீட்டுக்கு வந்தால் கோடிக்கணக்கான முக்கோணங்கள் கொண்ட ஒரு தூண் கிடைத்திருக்கும். அன்ரியலின் நானைட் அதை அப்படியே விழுங்கும். போனுக்கு ஆகாது. பிளெண்டரில் சில ஆயிரமாகக் குறைத்து, நுணுக்கத்தை நார்மல் மேப்பில் படிய வைக்க வேண்டும். 2023-க்குப் பிறகு பரபரப்பாகப் பேசப்படும் காசியன் ஸ்பிளாட்டிங் இன்னும் அழகாகக் காட்டும். ஆனால் அதற்கு வெளிச்சத்தை மாற்றுவதும், மோதலைக் கண்டறிவதும் இன்னும் சிரமம். பின்னணிக் காட்சிக்கு வைத்துக்கொள்ளலாம். ஒன்று மட்டும்: வழிபாட்டில் உள்ள தெய்வ உருவத்தை ஸ்கேன் செய்து அதை எதிரியாக வைத்து அடிக்க விடாதீர்கள். சட்டத்தைப் பற்றிச் சொல்லவில்லை.

ஏஐ

இதை இரண்டாகப் பிரித்துப் பேச வேண்டும். உங்கள் மேஜையில் உங்களுக்கு உதவும் ஏஐ ஒன்று. கேமுக்குள் போய் விளையாடுபவரைச் சேரும் ஏஐ இன்னொன்று.

கோடு எழுத உதவுவது நிஜமாகவே பயன். சேமிப்புக் கோப்பைப் படிக்கும் பகுதி, மெனு, எடிட்டருக்கான சின்னக் கருவிகள் ஆகியவற்றில் நாள்கணக்கில் மிச்சம். ஆனால் எஞ்சின் பதிப்புகளைக் குழப்பும். கோடாட் 3-ல் கினமேட்டிக்பாடி2டி என்று இருந்தது 4-ல் கேரக்டர்பாடி2டி ஆனது. இரண்டையும் கலந்து, நம்பிக்கையோடு எழுதித் தரும். எந்தப் பதிப்பு என்பதைக் கேள்வியிலேயே சொல்லுங்கள். வந்த கோடை வரி வரியாக விளக்க முடியாவிட்டால் கேமின் மையத்தில் அதை வைக்காதீர்கள். வெளியீட்டுக்கு முதல் நாள் இரவு அது உடையும்போது யாரைக் கேட்பீர்கள்?

கேமுக்குள் போகும் படம், ஒலி, வசனத்துக்கு விதிகள் உண்டு. ஸ்டீம் 2024 ஜனவரியிலிருந்து, முன்கூட்டியே ஏஐயால் செய்து வைத்ததையும், ஆடும்போதே உருவாவதையும் தனித்தனியாக அறிவிக்கச் சொல்கிறது. அது கடைப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அதைப் பார்த்ததும் நகர்ந்துவிடுபவர்கள் இருக்கிறார்கள், அது வியாபாரக் கணக்கு. உரிமை விஷயமும் தெளிவாக இல்லை. மனிதக் கை படாத ஏஐ படைப்புக்குப் பதிப்புரிமை இல்லை என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2025-ல் சொன்னது. நம் 1957 பதிப்புரிமைச் சட்டம் கணினியால் உருவான படைப்புக்கு அதை உருவாகச் செய்தவரே ஆசிரியர் என்கிறது. அது இன்றைய ஏஐக்கு எவ்வளவு பொருந்தும் என்பது முடிவாகவில்லை. ஆகவே கதாநாயகன் உருவம், சின்னம், தலைப்பு ஓவியம் ஆகியவற்றை ஓர் ஓவியரிடம் கொடுங்கள்.

குரலில் ஒரு நல்ல வழி இருக்கிறது. பெங்களூருவின் சர்வம் நிறுவனமும், சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழுவும் இந்திய மொழிகளுக்குப் பேச்சு மாடல்களை வெளியிட்டிருக்கின்றன. தமிழ், கன்னட வசனங்களுக்குத் தற்காலிகக் குரல் போட்டு, காட்சியின் நேரத்தையும் நீளத்தையும் முடிவு செய்துகொள்ளுங்கள். இறுதிப் பதிவுக்கு ஜே.பி. நகர் ரங்க சங்கரா நாடக அரங்கின் பக்கம் போய் நாடகக்காரர்களைத் தேடுங்கள். நாலு பாத்திரத்துக்கு நாலு விதமாகப் பேசத் தெரிந்தவர்கள் அங்கே கிடைப்பார்கள். ஒப்பந்தத்தில் அவர்கள் குரலை ஏஐ பயிற்சிக்குப் பயன்படுத்த மாட்டோம் என்று ஒரு வரி எழுதுங்கள். அமெரிக்காவில் கேம் குரல் கலைஞர்கள் 2024 ஜூலையில் தொடங்கி ஏறக்குறைய ஒரு வருடம் வேலைநிறுத்தம் செய்தது இதைப் போன்ற பாதுகாப்புக்காகத்தான்.

அடுத்து வருவது என்று சொல்லப்படும் உலக மாடல்கள். 2025 ஆகஸ்ட்டில் கூகுள் டீப்மைண்ட் காட்டிய ஜீனி 3, எழுத்தில் கேட்ட உலகத்தை நொடிக்கு 24 ஃபிரேமில் வரைந்து, அதற்குள் நடக்கவும் விடுகிறது. சில நிமிடம்வரை திரும்பிப் பார்த்தால் அதே சுவர் இருக்கும். கேமுக்குச் சில நிமிடம் போதாது. நேற்றுப் பூட்டிய பெட்டி இன்றும் பூட்டியே இருக்க வேண்டும், மூன்று அடி வாங்கினால் சாக வேண்டும். விதிதான் கேம். காட்சியை முன்கூட்டிக் கற்பனை செய்ய இதை வைத்துக்கொள்ளலாம். இதை நம்பி எஞ்சின் கற்பதைத் தள்ளிப் போடாதீர்கள்.

எனக்கு நம்பிக்கை தரும் வருங்காலத் தொழில்நுட்பம் இவ்வளவு பகட்டானது இல்லை: வெப்ஜிபியு. 2023 மே மாதம் குரோமில் வந்து, பிற பிரவுசர்களுக்கும் பரவி வருகிறது. நவீன கிராஃபிக்ஸ் சிப்பை பிரவுசர் நேராகத் தொடலாம். இன்ஸ்டால் இல்லை, அனுமதி இல்லை. வாட்ஸ்அப்பில் ஒரு இணைப்பு அனுப்பினால் எதிராளி விளையாடத் தொடங்குகிறார். முதல் டெமோவை பிரவுசரில் 20 எம்பிக்குள் அடக்கப் பாருங்கள். இட்ச் தளத்தில் இலவசமாக ஏற்றலாம்.

சர்வர் பற்றிச் சுருக்கமாக. டிஜிட்டல்ஓஷனுக்கு பெங்களூருவிலேயே டேட்டா சென்டர் இருக்கிறது. நகாமா என்ற திறமூல கேம் சர்வரை அதில் ஏற்றி மாதம் சில ஆயிரம் ரூபாயில் மதிப்பெண் பட்டியலும், ஒருவர் ஆடிவிட்டு மறுநாள் மற்றவர் ஆடும் முறையும் நடத்தலாம். ஒரே நேரத்தில் பலர் மோதும் நேரடி மல்டிபிளேயர் முதல் கேமுக்கு வேண்டாம். தொழில்நுட்பத்தைக்கூட எழுதிவிடலாம், ஆனால் இரவு இரண்டு மணிக்கு எதிராளி கிடைக்க ஆயிரம் பேர் ஆன்லைனில் இருக்க வேண்டும்.

கடையும் காகிதமும்

2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் கேமிங் சட்டம் பணம் கட்டி ஆடும் ஆட்டங்களைத் தடை செய்தது. நீங்கள் செய்வது அது இல்லை என்றாலும், கேம் கம்பெனி என்றதும் வங்கிக்காரரும் பெண் வீட்டாரும் ரம்மியைத்தான் நினைப்பார்கள். நிறுவனப் பதிவில் என்ன செய்கிறீர்கள் என்பதைத் தெளிவாக எழுதுங்கள்.

பணம் தேடும் இடங்கள் இந்த ஊரில் ஓரளவு இருக்கின்றன. இந்தியத் தலைமையகத்தை இங்கே வைத்திருக்கும் கொரிய கேம் நிறுவனமான கிராஃப்டன் 2023-ல் தொடங்கிய இன்குபேட்டரில் தேர்வான குழுவுக்கு 50 ஆயிரம் முதல் 1.5 லட்சம் டாலர் வரை தருகிறது. மாநில அரசின் எலிவேட் திட்டத்தில் 50 லட்சம் ரூபாய் வரை மானியம். அனிமேஷன், கேம் போன்ற துறைகளுக்கான கர்நாடகத்தின் ஏவிஜிசி-எக்ஸ்ஆர் கொள்கை 2024 முதல் 2029 வரை நடப்பில் இருக்கிறது. அந்தத் துறைகளின் சங்கமான ஏபிஏஐ நடத்தும் சிறப்பு மையத்தில் விலையுயர்ந்த கருவிகளைப் பயன்படுத்த வழி உண்டா என்று கேட்டுப் பாருங்கள். எல்லா இடத்திலும் விளையாடக்கூடிய டெமோவைத்தான் கேட்பார்கள், ஸ்லைடுகளை அல்ல.

கூகுள் பிளேவில் ஒரே முறை 25 டாலர். தனிநபர் கணக்கு புதிதாகத் திறந்தால், 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதித்த பிறகே வெளியிட விடுவார்கள். இந்தப் பன்னிரண்டு பேரை வெளியீட்டு வாரத்தில் தேடாமல் முன்பே சேர்த்து வையுங்கள். ஸ்டீமில் கேம் ஒன்றுக்கு 100 டாலர், விற்பனை 1,000 டாலரைத் தாண்டினால் திரும்பக் கிடைக்கும். விற்பனையில் 30 சதவீதம் அவர்களுக்கு. 2024-ல் மட்டும் ஸ்டீமில் 18 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கேம்கள் வெளியாயின. ஆகவே கடைப் பக்கத்தைப் பல மாதம் முன்பே திறந்து விஷ்லிஸ்ட் சேர்க்க வேண்டும். டெமோக்களுக்கான நெக்ஸ்ட் ஃபெஸ்ட்டில் ஒரு கேம் ஒரே முறைதான் கலந்துகொள்ள முடியும், டெமோ பழுக்கும்வரை அந்த வாய்ப்பைத் தொடாதீர்கள்.

ஸ்டீம் கணக்கு திறக்கும்போது வரும் அமெரிக்க வரிப் படிவத்தை அவசரத்தில் தாண்டிவிடுகிறவர்கள் உண்டு. இந்திய அமெரிக்க வரி ஒப்பந்தத்தைச் சுட்டி, பான் எண்ணைக் கொடுத்தால் அமெரிக்காவில் விற்பதன் மீதான ராயல்டி பிடித்தம் 30 சதவீதத்துக்குப் பதில் 15. பிடித்ததை இங்கே கட்டும் வரியில் ஈடு செய்யவும் வழி இருக்கிறது, அதற்குத் தனிப் படிவம். ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவும், ஏற்றுமதிக்கான எல்.யு.டி.யும் வேண்டும். ஆடிட்டரிடம் போகும்போது "சாஃப்ட்வேர் கம்பெனி" என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். வெளிநாட்டுக் கடை விற்று, மாதக் கடைசியில் மொத்தமாக டாலரில் அனுப்புகிறது என்பதை விளக்குங்கள், ஸ்டீமின் மாத அறிக்கை எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு மாதிரியையும் காட்டுங்கள். கேம் வெளியாகும் மாதத்துக்குக் காத்திருக்காமல், கடைப் பக்கம் திறக்கும் மாதத்திலேயே போய்விடுங்கள்.